தேங்காய் எண்ணெய் பூசிய தூண்டில் நூல்

எண்பதுகளின் நடுப்பகுதி. ஓக்லாந்தின் ஹில்ஸ்பரோவில் ஒரு பல் டாக்டர் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரங்களில் மூன்று ஆண்கள் கூடி, ஆற்றில் ட்ரவுட் மீன் பிடிப்பதைப் பற்றி மணிக்கணக்காகக் கதைப்பார்கள். அதில் ஒருவர் என் கணவர். அதனால்தான் நானும் போனேன். முதல் இரண்டு மாதம் டாக்டரின் மனைவியோடு குசினியில் உட்கார்ந்து, "இதுகளுக்கு வேற வேலையில்லை" என்று சிரித்துக்கொண்டிருந்தேன்.

பல் டாக்டர் மலேசியாக்காரர், ஈப்போவில் பிறந்தவர். தூண்டில் கோலைப் பற்றி அவர் பேசுவதைக் கேட்டால் பெண் பார்க்கப் போனவர் பேசுவது போல இருக்கும். நீளம் எவ்வளவு, வளைவு எப்படி, எந்தக் குடும்பம், எல்லாம் சொல்வார். இரண்டாமவர் கோயம்புத்தூர் எஞ்சினியர். சுத்த சைவம். "எங்க வீட்ல முட்டை கூட கிடையாதுங்க" என்பார். அப்படியானவருக்கு மீன்பிடியில் என்ன வேலை என்று கேட்டால், நூல் காற்றில் போகிற கணக்குத்தான் தனக்குப் பிடிக்கும் என்று ஒரு கொப்பியை விரித்துக் கோடு கீறிக் காட்டுவார். மூன்றாமவர் இவர், என் கணவர். டாக்டர் சொன்னாலும் "ஓம்", எஞ்சினியர் அதற்கு எதிராகச் சொன்னாலும் "ஓம் ஓம்".

இது புழுக் குத்திப் போடுகிற தூண்டில் இல்லை. இறகையும் நூலையும் சுற்றிச் செய்த பொய்ப் பூச்சியை முள்ளில் கட்டி, பாரமான நூலைத் தலைக்கு மேலே முன்னும் பின்னும் வீசி, பூச்சி தானாக வந்து விழுந்தது போல ஆற்றில் இறக்க வேண்டும். ஒரு நாள் டாக்டர் வீட்டுப் பின்வளவுப் புல்லில் மூவரும் வீசிப் பழகினார்கள். எஞ்சினியரின் நூல் எலுமிச்சை மரத்தில் சிக்கியது. டாக்டரின் நூல் அவருடைய காதில் சிக்கியது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "சிரிக்கிறவை வந்து எறிஞ்சு காட்டட்டும்" என்றார் இவர். போய் எறிந்தேன். நூல் பின்னால் போய் நீண்டு, திரும்பி முன்னால் வந்து, புல்லில் நேராக விழுந்தது.

அந்த ஒரு நிமிடத்தை எப்படிச் சொல்வது! நான் அப்போது ஹென்டர்சனில் ஒரு தொழிற்சாலையில் நாள் முழுக்கத் தையல் மெஷினில் இருப்பேன். வேலை முடிந்தால் யாழ்ப்பாணத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறதா என்ற ஒரே யோசனை. நூல் காற்றில் போனபோது அந்த யோசனை தலையில் இல்லை. அதற்காகவே எனக்கு அது வேண்டியிருந்தது. அடுத்த ஞாயிறு காலையில் ஏவன்டேல் சந்தையில் நுனி முறிந்த கோல் ஒன்றை வாங்கினேன். டாக்டர் பல் அடைக்கிற பசையால் அதை ஒட்டித் தந்தார். அந்த ஒட்டு இன்றைக்கும் விடவில்லை.

ஜூன் மாத நீண்ட வார இறுதிக்கு டுராங்கிக்குப் போவதென்று முடிவாயிற்று. இங்கே ஜூன்தான் குளிர்காலம். அங்கே ஓடுகிற டொங்காரிரோ ஆற்றில் அப்போது முட்டையிட ட்ரவுட் ஏறும். டாக்டர் ஒரு தாளை எடுத்து யார் யாருக்கு என்ன பொறுப்பு என்று எழுதி வாசித்தார். கார் அவர், வரைபடம் எஞ்சினியர், தங்குமிடம் இவர். கடைசியில், "சமையல், தங்கச்சி."

"நான் சமைக்க வரேல்லை டொக்டர். ஆத்துக்க இறங்கத்தான் வாறன்" என்றேன்.

"தண்ணி பயங்கரமா குளிருங்க சிஸ்டர்" என்றார் எஞ்சினியர்.

"உங்களுக்குக் குளிராதோ?"

இவர் கம்பளத்தில் ஏதோ தொலைந்ததைத் தேடுகிறவர் போலக் குனிந்திருந்தார். அன்றைக்குக் காரில் ஏறியதிலிருந்து ஏவன்டேலில் எங்கள் வீட்டு வாசலில் இறங்கும்வரை அவருக்கு நல்ல பேச்சு விழுந்தது. "நான் என்ன சொல்லுறது? அவர் பெரிய மனுசன்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த ஆற்றில் ஒரு முறையாவது கோலோடு நிற்காமல் விடுவதில்லை என்று அன்றே தீர்மானித்தேன்.

வழி எதிர்பாராமல் கிடைத்தது. நூல் தண்ணீரில் மிதக்க வேண்டும், தாழ்ந்தால் பூச்சியும் போய்விடும். அதற்கு ஒரு களிம்பு பூசுவார்கள். கடையில் அது முடிந்துவிட்டது, கப்பலில் வர ஒரு மாதமாகும் என்றார்கள். மூவரும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு இருந்தார்கள். நான் வீட்டுக்கு வந்து யோசித்தேன். மிதக்கத்தானே வேண்டும்? எண்ணெய் மிதக்காதா? தலைக்கு வைக்கிற தேங்காய் எண்ணெயை ஒரு துணியில் தொட்டு நூல் முழுக்கத் தடவி, குளியல் தொட்டியில் சுடுதண்ணீர் பிடித்து விட்டுப் பார்த்தேன். ஜம்மென்று மிதந்தது!

அடுத்த ஞாயிறு போத்தலும் கையுமாக ஹில்ஸ்பரோ போனேன். டாக்டர் வீட்டுக் குளியலறையில் நாலு பேரும் நெருக்கிக்கொண்டு தொட்டியைச் சுற்றி நின்றோம். டாக்டரின் மனைவி கதவைத் தட்டி, "நாலு பேரும் உள்ளுக்கு என்னா பண்றீங்க?" என்று சத்தம் போட்டார்.

"மிதக்குது லா! இங்க வந்து பாரேன்!" என்று டாக்டர் சின்னப் பிள்ளை மாதிரிக் கத்தினார். எஞ்சினியர் கொப்பியை எடுத்து எழுதிக்கொண்டார்.

நான் போத்தலை மூடிக் கைப்பையில் வைத்தேன். "எல்லாற்றை நூலுக்கும் பூசித் தாறன். ஆனா நான் மீன் பிடிக்கத்தான் வருவன். கறி எல்லாரும் வீட்டில இருந்து கொண்டு வாங்கோ."

"சரிம்மா, சரி" என்றார் டாக்டர், கண்ணை நூலிலிருந்து எடுக்காமல். எனக்கு நிலத்தில் கால் படவில்லை.

டுராங்கியில் வாடகைக்கு எடுத்த மரக் குடிலுக்கு வெள்ளிக்கிழமை பின்னேரம் போய்ச் சேர்ந்தோம். நான்கு கோலின் நூலையும் அவிழ்த்து, ஹீட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, குறைவில்லாமல் எண்ணெய் பூசினேன். "இன்னும் கொஞ்சம் போடுங்க சிஸ்டர்" என்று எஞ்சினியர் வேறு. குடில் முழுக்கத் தலைமுழுக்கு வாசம்.

விடிந்து ஆற்றங்கரைக்குப் போனோம். புல்லெல்லாம் வெள்ளை உறைபனி. மிதித்தால் நொறுங்கியது. டாக்டர் ரீலிலிருந்து நூலை இழுத்தார். வரவில்லை. பலமாக இழுத்தார். வெள்ளையாகக் கட்டிபட்ட சுருள் ஒன்று வந்து வளையங்களில் அடைத்துக்கொண்டு நின்றது. எஞ்சினியரின் நூலும் அப்படி. இவருடையதும் அப்படி.

தேங்காய் எண்ணெய் குளிருக்கு உறையும் என்று எனக்குத் தெரியாதா? ஓக்லாந்தில் எந்தத் தமிழ் வீட்டில் அது தெரியாது? சுடுதண்ணீர்த் தாங்கி இருக்கிற அலுமாரிக்குள்தானே எல்லோரும் எண்ணெய்ப் போத்தலை வைத்திருந்தோம்! குளிர்காலத்தில் ஒவ்வொரு காலையும் அங்கேயிருந்து எடுத்துத்தானே நான் தலைக்கு வைத்தேன்! நாலு படித்த தமிழர் சுடுதண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்த்துக் கைதட்டியிருக்கிறோம். ஒருவருக்கும் மண்டையில் ஏறவில்லை.

"என்னங்க இது, வெண்ணெய் தடவின மாதிரி இருக்கு?" என்றார் எஞ்சினியர்.

"நான் அப்பவே நினைச்சனான்" என்றார் இவர்.

"நினைச்சா வாயைத் திறந்து சொல்லுறதுதானே! வாயில என்ன கொழுக்கட்டையோ?"

டாக்டர் சட்டைப் பையிலிருந்து பல் கிண்டுகிற கம்பியை எடுத்து வளையத்தில் இருந்த எண்ணெயைச் சுரண்டத் தொடங்கினார். அவர் பேசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

குடிலுக்குத் திரும்பிச் சுடுதண்ணீரும் சவர்க்காரமும் போட்டு மூன்று பேரின் நூலையும் நானே கழுவித் துடைத்தேன். ஒன்றரை மணித்தியாலம் பிடித்தது. என்னுடைய கோல் கதவடியில் சாத்தியபடி இருந்தது. வெட்கத்தில் வாய் தவறி, "நீங்கள் போங்கோ. நான் சோத்தைப் போட்டிட்டு இருக்கிறன்" என்றேன்.

போய்விட்டார்கள்! மூன்று பேரும் கோலைத் தூக்கிக்கொண்டு போயே போய்விட்டார்கள். ஒருவராவது, "இல்லை, நீயும் வா" என்று ஒரு பேச்சுக்குச் சொன்னாரா? இவராவது? அரிசி கழுவும்போது கண்ணீர் வந்தது. இத்தனை பாடுபட்டு, கடைசியில் அந்தத் தாளில் எழுதிய இடத்திலேயே என்னை நானே கொண்டுபோய் நிறுத்திவிட்டேன் என்று ஆத்திரமாக இருந்தது.

சோறு வெந்தது. இறக்கி வைத்தேன். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, "எனக்கென்ன விசரோ?" என்று உரக்கவே கேட்டேன். கேட்க அங்கே ஒருவரும் இல்லை. என் நூலைக் கழுவினேன். இவருடைய காற்சட்டையைப் போட்டு, இரவல் வாங்கிய தொடையளவு ரப்பர் பூட்ஸுக்குள் இரண்டு சோடி காலுறை திணித்துக்கொண்டு நடந்தேன்.

மூவரும் ஒரு வளைவில் தள்ளித் தள்ளி நின்றார்கள். "சோறு ஆச்சுதோ?" என்றார் இவர்.

"பானையில இருக்கு. பசிச்சா போய்ப் போட்டுச் சாப்பிடுங்கோ."

அவர்களுக்குக் கீழே முழங்காலளவில் இறங்கினேன். குளிர் எலும்புக்குள் போனது. எஞ்சினியர் அதில் மட்டும் பொய் சொல்லவில்லை. எறிந்தேன், எடுத்தேன், எறிந்தேன். எத்தனை தடவை என்று தெரியாது. ஒருமுறை நூல் போகிற போக்கில் சட்டென்று நின்றது. கோலைத் தூக்கினேன். மறுமுனையில் ஏதோ உயிரோடு இழுத்தது.

அவ்வளவுதான், மூவரும் கரையால் ஓடி வந்தார்கள்.

"கோலைத் தூக்கும்மா!"

"தூக்காதீங்க, நூலை விடுங்க!"

"சுத்து, சுத்து, கெதியாச் சுத்து!"

"எல்லாரும் வாயைப் பொத்துங்கோ!" என்று கத்தினேன். பெரிய மனிதர்கள் மூவரும் கப்சிப். அந்த அமைதியில் மீன் ஓடினால் விட்டு, நின்றால் சுற்றி, மெல்ல மெல்லக் கரைக்குக் கொண்டுவந்தேன். டாக்டர் தண்ணீரில் இறங்கித் தன் கைவலையால் அதை அள்ளினார். என் முழங்கையளவு நீளம், பக்கத்தில் ரோஸ் நிறக் கோடு. நான் சிரித்தேனா அழுதேனா தெரியாது. இரண்டும் வந்தது.

அப்போதுதான் வலையைப் பார்த்தேன். பிடியில் கடையின் விலைச் சீட்டு தொங்கிக்கொண்டிருந்தது.

"புது வலையோ டொக்டர்?"

"இல்லம்மா. வாங்கி அஞ்சு வருசம் ஆச்சு."

"பிறகேன் சீட்டுக் கழட்டேல்லை?"

டாக்டர் மீனைப் பார்த்தார். "வலைய நனைக்கிறதுக்கு மீன் வரணும்ல" என்றார் மெதுவாக.

எனக்கு விளங்கச் சற்று நேரமெடுத்தது. எஞ்சினியரைப் பார்த்தேன். அவர் மரத்தைப் பார்த்தார். இவரைப் பார்த்தேன். "எனக்கும் ஒண்டும் பட்டதில்லை" என்றார். அடக் கடவுளே! கோல், ரீல், களிம்பு, வளைவு என்று எத்தனை ஞாயிற்றுக்கிழமை! அந்த வீட்டு வரவேற்பறையில் இருந்த ஒருவரும் ஒரு மீனைக்கூடப் பிடித்ததில்லை. முதலில் சிரித்தது டாக்டர்தான். பிறகு நாலு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். டாக்டர், பல் பிடுங்குகிற பக்குவத்தோடு, மீனின் வாயிலிருந்து முள்ளைக் கழற்றினார்.

"விட்டுடலாமா சிஸ்டர்?" என்றார் எஞ்சினியர்.

"நல்ல விளையாட்டு! பொரிச்சுத் தின்னத்தான்" என்றேன்.

"யாரு பொரிக்கிறது?" என்று டாக்டர் கேட்டார். கேட்டுவிட்டு, பழக்கத்தில், மூவரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் பூச்சி சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்பவும் தண்ணீருக்குள் இறங்கினேன். "நான் பாக்கிறன்" என்று பின்னால் இவர் குரல் கேட்டது. தேத்தண்ணீருக்குத் தண்ணீர் கொதித்துவிட்டதா என்றுகூட என்னைக் கேட்கிற மனிதர். மீனைச் செவுளில் பிடித்துத் தூக்கிக்கொண்டு குடிலை நோக்கி நடந்தார். மற்ற இருவரும் பின்னால் போனார்கள்.

ஒரு மணித்தியாலம் கழித்து இவர் மட்டும் ஒரு தட்டோடு வந்தார். சோற்றையும் கத்தரிக்காய்க் குழம்பையும் குழைத்து, மீனைப் பிய்த்துப் போட்டிருந்தார். விரலில் எண்ணெய் தெறித்த கொப்புளம். என் இரண்டு கையும் கோலிலும் நூலிலும் இருந்தன. அவர் பூட்ஸ் கூடப் போடாமல், சப்பாத்தோடு அந்த ஐஸ் தண்ணீருக்குள் இறங்கி வந்து, ஒரு கவளம் உருட்டி என் வாயருகே நீட்டினார். கல்யாணம் கட்டி ஆறு வருஷத்தில் அவர் சமைத்ததை நான் சாப்பிட்டதில்லை. மீன் ஒரு பக்கம் கருகி, மறுபக்கம் வேகாமல், உப்புக் கைக்க இருந்தது.

"எப்பிடி?" என்று கேட்டார். பல் கிடுகிடுவென்று அடித்தது, பாவம்.

"நல்லாயிருக்கு" என்றேன். "சுறுக்கா அடுத்த வாயைத் தாங்கோ. நான் எறிய வேணும்."