காதோடு சொன்ன பதில்

ஜெர்மனியில், டோர்ட்மண்டில் ஒரு டொக்டரின் வரவேற்பு மேசையில் பதினோரு வருடமாக வேலை செய்கிறேன். எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கும் குளிசையை எங்கள் டொக்டர் எழுதிக் கொடுப்பார். கேட்டு வந்தவர்கள் எல்லாரும் ஆண்கள்தான்.

போன மாசியில் ஒரு கறுப்பினப் பெண் வந்து, அந்தக் குளிசைக்காக டொக்டரைப் பார்க்க ஒரு நேரம், டெர்மின், கேட்டார். பின்னால் வரிசையில் எங்கடை தமிழ் ஆக்கள் இரண்டு பேர். அவர்களுக்குக் கேட்கக்கூடாது என்று அவரை ஓரமாகக் கூட்டிப்போய்க் காதோடு ஜெர்மனில் சொன்னேன்: "அது ஆம்பிளையளுக்கு. உங்களுக்கு எச்.ஐ.வி. வருத்தமெண்டால் வேற டொக்டரிட்டைப் போகோணும்."

அவர் குரலைக் குறைக்கவில்லை. "எனக்கு வருத்தம் இல்லை. வராமல் இருக்கத்தான் கேக்கிறன். நீங்கள் ஏன் ரகசியம் பேசுறியள்?"

சனம் கதைக்கும் என்று பயந்து பயந்து பழகிய குரல் என்னுடையது. அவருடைய மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, வாசலிலேயே மறித்திருக்கிறேன். உள்ளே போய் டொக்டரைக் கேட்டேன்.

"பொம்பிளையளுக்கும்தானே. ஆர் இல்லையெண்டது?"

"நான்தான்," என்றேன்.

அன்றைக்கே டெர்மின் கொடுத்து மன்னிப்பும் கேட்டேன். அவர் டொக்டரைப் பார்த்துவிட்டு, என் பக்கம் திரும்பாமலே போனார். இனி வரமாட்டார் என்றுதான் நினைத்தேன்.

பங்குனியில் வந்தார், தன்னோடு தேவாலயத்துக்குப் போகும் இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு. "இவவிட்டைக் கேளுங்கோ," என்று என்னைக் காட்டினார்.

"ஓம், பெண்களுக்கும் இருக்கு. எப்ப வர வசதி?" என்று கேட்டேன். காய்ச்சலுக்கு வருபவர்களிடம் பேசும் அதே குரலில்.