என் அம்மாவை அநாதையாக்கிய போட்டோ

இன்று கல்லறைத் திருநாள். சாந்தோம் வீட்டிலிருந்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு, பிள்ளைகள் நாங்கள் மூன்று பேரும் அப்பா கல்லறைக்குப் போனோம். கழுவி, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றினோம்.

கேமராவோடு ஒரு தம்பி வந்தார். மரியாதையாகத்தான் கேட்டார். "ஆன்ட்டி, உங்களை ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?"

அம்மா ரிட்டயர்டு டீச்சர். "எடுத்துக்கோப்பா" என்றார்.

உடனே அந்தத் தம்பி எங்களிடம், "நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்களேன், ஃப்ரேம்ல வர்றீங்க."

தள்ளி நின்றோம்.

"ஆன்ட்டி, அதை அணைச்சிட்டு இன்னொரு தடவை ஏத்துங்க."

அப்பாவுக்கு ஏற்றிய மெழுகுவர்த்தியை அம்மா ஊதி அணைத்துவிட்டு மறுபடி ஏற்றினார். எனக்குச் சுருக்கென்றது.

போகும்போது தன் இன்ஸ்டா பக்கத்தைச் சொல்லிவிட்டுப் போனார். சாயங்காலம் தேடிப் பார்த்தோம். படம் அழகுதான். கீழே எழுதியிருக்கிறார்: "பிள்ளைகள் கைவிட்ட தாய். கணவரின் கல்லறையே துணை."

கமெண்ட்டில் முன்பின் தெரியாதவர்கள் எங்களைத் திட்டித் தீர்க்கிறார்கள். ஒரு அம்மா சாபமே விட்டிருக்கிறார்.

படம் எடுக்க அனுமதி கேட்கிறீர்கள், சந்தோஷம். அதற்குக் கீழே எழுதப்போகும் கதைக்கும் ஒரு வார்த்தை கேட்டால் என்ன?

பதில் போடலாம் என்று போனை எடுத்தால் அம்மா விடவில்லை. "வேணாம்டா, அந்தப் பையன் மனசு கஷ்டப்படும்."

அதனால் உங்களில் யாராவது போய்ச் சொல்லிவிடுங்கள். கைவிட்ட பிள்ளைகள் மூன்று பேரும், அவர் நிற்கச் சொன்ன இடத்தில்தான் நின்றுகொண்டிருந்தோம்.