கொழும்பு வரைக்கும்தான் வந்தோம், சித்தப்பா

எங்கள் சித்தப்பா காலமாகி இன்றுடன் ஓராண்டு நிறைகிறது. திவசத்துக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் நாரந்தனை உறவுகளில் பலர் அவரைக் கண்டதே இல்லை. கண்டவர்களும் கலியாண வீட்டில் ஒரு தரம் கண்டிருப்பார்கள். அவர் என் அம்மாவின் இரண்டாவது கணவர். என்னைப் பெற்றவர் அல்லர். ஆனாலும் அவரைப் பற்றி எழுத வேண்டியவள் நான்தான்.

சித்தப்பா வேலணையில் ஒரு புகையிலைத் தோட்டக்காரரின் மூத்த மகனாகப் பிறந்தார். தகப்பனார் நேரத்தோடு கண்மூடிவிட, படிப்பை இடையில் விட்டுத் தோட்டத்தில் இறங்கினார். நாட்டு நிலைமை கெட்டபோது பலரைப்போல அவரும் கனடா போனார். அங்கே பாண் சுடும் பேக்கரித் தொழிற்சாலை ஒன்றில் வேலை. தங்கைகள் எல்லோரையும் கரை சேர்த்து, கனடாவின் பிரசாவுரிமையும் பெற்று, தலை நரைத்த பிறகுதான் தனக்கென்று ஒரு குடும்பத்தை நினைத்தார்.

என் தகப்பனார் இடப்பெயர்வின்போது வன்னியில் மலேரியாவால் இறந்துபோனார். அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு நாரந்தனைக்குத் திரும்பி, உடுப்புத் தைத்து என்னை வளர்த்தார். சண்டை ஓய்ந்து பாதை திறந்து சித்தப்பா ஊருக்கு வந்த நேரம், அவருடைய தங்கையான வேலணை மாமிதான் இந்தச் சம்பந்தத்தைப் பேசினார். வளர்ந்த பெண்பிள்ளை உள்ள விதவைக்குக் கனடா மாப்பிள்ளையோ என்று ஊர் கதைத்தது. சித்தப்பா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சம்மதம் சொல்வதற்கு முன் என்னோடு பேச வேண்டும் என்றார்.

“பிள்ளை, உமக்கு விருப்பமில்லையெண்டால் இப்பவே சொல்லும். நான் கோவிக்கமாட்டன்.”

“எங்களைக் கூட்டிக்கொண்டு போவியளோ?” என்று கேட்டேன்.

“ரெண்டு பேரையும்தான். இல்லாட்டி என்னத்துக்கு?”

கலியாணம் முடிந்து அவர் திரும்பிப் போகுமுன், விண்ணப்பத்தை நிரப்புவதற்காகக் கொழும்பில் அனுபவமுள்ள ஒருவரிடம் போனோம். மாமியும் கூட வந்திருந்தார். அந்த மனிதர் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டுச் சித்தப்பாவிடம் சொன்னார்:

“பிள்ளையைக் காட்டாதையுங்கோ அண்ணை. முதல் மனிசியை எடுங்கோ, கெதியில முடியும். பிள்ளையைப் பிறகு பாப்பம்.”

மாமிக்கும் அது சரியாகப் பட்டது.

“இருக்கிற பிள்ளையை இல்லையெண்டு எழுத என்னால ஏலாது,” என்றார் சித்தப்பா.

“கன காலம் இழுபடும்.”

“இழுபடட்டும்.”

இழுபட்டது. வைத்தியப் பரிசோதனையில் என் நெஞ்சுப் படத்தில் ஒரு நிழல் தெரிந்தது. காசநோய் என்றார்கள். அதைச் சுகமாக்கிய பிறகுதான் விசா. இருவருக்கும் ஒரே விண்ணப்பம் என்றபடியால் அம்மாவின் காரியமும் என்னால் நின்றுபோனது. ஞாயிற்றுக்கிழமைகளில் வேலணையிலுள்ள தொலைபேசிக் கடைக்குப் போவோம். அவர் முதலில் என்னோடுதான் கதைப்பார். “மருந்துக் குளிசை போட்டனீரோ? சத்தி வந்ததோ, சாப்பிட்டது வயித்தில நிண்டதோ?” என்று கேட்டுவிட்டுத்தான் அம்மாவிடம் கொடுக்கச் சொல்வார். ஒரு நாள் அம்மா, “நான் முதல் வரட்டோ? நீங்கள் தனியச் சமைச்சுச் சாப்பிட்டுக் கஷ்டப்படுறியள்,” என்று கேட்டார்.

“வருத்தக்காரப் பிள்ளையை அங்க விட்டிட்டு வந்தால் உமக்கு இஞ்ச நித்திரை வராது. எனக்கும் வராது,” என்றாராம்.

அந்தக் காலத்தில் லீவு எடுத்து ஒரு முறை வந்தார். ஆஸ்பத்திரிக்கு என்னை பஸ்ஸில் தானே கூட்டிப் போனார். சொந்தக்காரர் சிலர் எனக்குக் கோப்பையைப் புறம்பாக வைத்த நாட்கள் அவை. சித்தப்பா என் பக்கத்துக் கதிரையில் இருந்துதான் சாப்பிட்டார். நாங்கள் அவரைக் கடைசியாகக் கண்டது அப்போதுதான்.

எனக்குச் சுகமானபோது அம்மாவின் மருத்துவச் சான்றிதழ் காலாவதியாகிவிட்டது. எல்லாவற்றையும் மறுபடி செய்தோம். பிறகு சண்டை திரும்பத் தொடங்கிக் கொழும்புக்குப் போகும் தரைப்பாதையைப் பூட்டினார்கள். கனடாத் தூதரகம் நேர்முகத்துக்கு வரச் சொன்ன கடிதம் நாள் கடந்துதான் எங்கள் கைக்கு வந்தது. சித்தப்பா அங்கிருந்து மன்றாடி வேறு நாள் எடுத்தார். அதற்குப் போகக் கப்பலில் ஏற ஆமி கொடுக்கும் பாஸ் கிடைக்கவில்லை. அடுத்த தடவை கிடைத்தது. திருகோணமலைக்குக் கப்பலில் போய், அங்கிருந்து கொழும்புக்குப் போய், ஒரு லொட்ஜில் தங்கினோம். நேர்முகம் நல்லபடியாக முடிந்தது. விசா குத்தக் கடவுச்சீட்டுகளைக் கொண்டுவரச் சொன்னார்கள்.

“சப்பாத்து, குளிர் உடுப்பு ஒண்டும் அங்க வாங்காதையுங்கோ. இஞ்ச வந்து அளவு பாத்து வாங்குவம்,” என்றார் சித்தப்பா. அதுதான் அவர் எங்களோடு கடைசியாகக் கதைத்தது. அந்தக் கிழமையே வேலைத்தலத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர் எழும்பவில்லை.

பொறுப்பு நின்றவர் இல்லையென்றால் விண்ணப்பமும் இல்லை என்று சொல்லிக் கடவுச்சீட்டுகளைத் திருப்பித் தந்தார்கள். செத்த வீட்டுக்காவது போய்வரக் கேட்டோம். அதுவும் சரிவரவில்லை. அவரோடு வேலை செய்த ஒரு அண்ணை, பெட்டிக்குப் பக்கத்தில் நின்று தொலைபேசியைச் சித்தப்பாவின் காதோடு பிடித்தார். அம்மா அழவில்லை. “இஞ்சருங்கோ, நாங்கள் கொழும்பு மட்டும் வந்திட்டம்,” என்றார்.

பிள்ளையைக் காட்டாமல் விட்டிருந்தால் அந்த மனிதர் தனியச் செத்திருக்கமாட்டார் என்று இங்கே சிலர் கதைக்கிறார்கள். எனக்கும் கேட்கிறது. இனி எங்களைக் கூப்பிட அங்கே எவரும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா வேலணைப் பக்கம் போவதில்லை.

நாங்கள் ஊருக்கு வந்து இறங்கிய நாள் தொட்டு இன்றுவரை அம்மாவைத் தனியே விடாத மாமிக்கும், திரும்பிவரக் கப்பல் கிடைக்கும்வரை அறையை விடச் சொல்லாத லொட்ஜ் அக்காவுக்கும், திவசக் காரியங்களை முன்னின்று செய்த அயலவர்களுக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். கனடாவில் மகன் முறையில் நின்று கொள்ளி வைத்தவரும் பெட்டிக்குப் பக்கத்தில் நின்ற அந்த அண்ணைதான். சித்தப்பாவின் வீட்டை ஒதுக்கப் போன இடத்திலிருந்து அவர் எங்களுக்கு லொட்ஜுக்குத் தொலைபேசி எடுத்துக் கதைத்தார்.

“அக்கா, ஒரு அறை ஆரும் பாவிக்காமல் கிடக்கு. கட்டில், மேசை எல்லாம் புதிசு. பொலித்தீனும் கழட்டேல்லை. என்ன செய்ய?”

அம்மா என்னைப் பார்த்தார். பிறகு, “தேவைப்படுற ஆருக்கும் குடுங்கோ,” என்றார்.

ஊரிலிருந்து அண்மையில் வந்து சேர்ந்த ஒரு குடும்பத்துக்குக் கொடுத்ததாகப் பின்னர் சொன்னார். அவருக்கும், சித்தப்பாவை நினைத்து இன்று எங்கள் வீட்டில் கை நனைத்த உங்கள் எல்லோருக்கும் எங்கள் நன்றி.

அம்மாவும் மகளும்,
நாரந்தனை.