சுறா எண்ணெய் பூசிய அம்பாசிடர்

என் அக்கா செல்லம்மாவின் புருஷன் எத்திராஜ் மாமா காசிமேட்டில் விசைப்படகு டிரைவர். டிரைவர் என்றால் படகை ஓட்டுவது மட்டும் வேலையில்லை. கடலுக்குள் இன்ஜின் படுத்துவிட்டால் அதை எழுப்பி உட்கார வைக்கிறவரும் அவரேதான். நடுக்கடலில் மெக்கானிக்குக்கு எங்கே போவது? அந்தப் பழக்கத்தில் கரையிலும் எந்த மெக்கானிக்கையும் அவர் ஒரு ஆளாக மதித்ததில்லை.

கரையில் அவர் ஓட்டியது ஒரு டீசல் அம்பாசிடர். ஏதோ ஒரு கம்பெனியின் அதிகாரிகளைச் சுமந்து ஓய்ந்து, ஏலத்துக்கு வந்து, கடைசியில் எங்கள் தெருவில் ஒதுங்கிய வண்டி. கிலோமீட்டர் எண்கள் ஒரு முழுச் சுற்று முடித்து, மறுபடியும் பூஜ்யத்திலிருந்து கிளம்பி, பாதி வழியில் அலுத்துப்போய் நின்றிருந்தன. நிறம் வெள்ளை என்று மாமா சொல்வார். நான் மறுத்துப் பேசியதில்லை.

கடலிலிருந்து திரும்பினால் மற்றவர்கள் தூங்குவார்கள், இல்லை குடிப்பார்கள். மாமா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டிக்கு அடியில் போய்விடுவார். டீசல் பீய்ச்சுகிற நாஸிலைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப்போடுவார். டீசல் லைனில் காற்றுப் புகுந்துவிட்டால் நட்டைத் தளர்த்திக் கைப்பம்பை அமுக்கி அமுக்கி, நுரை போய்ச் சுத்தமான டீசல் வரும்வரை விடமாட்டார். நீளமான ஸ்குரூ டிரைவரின் நுனியை ஓடுகிற இன்ஜினில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்பார். "டேப்பட்டு தட்டுது மச்சான், உனக்குக் கேக்கல?" என்பார். எனக்கு ஒட்டுமொத்த வண்டியும் தட்டுகிற மாதிரித்தான் கேட்கும்.

அக்கா மீன் விற்கிறவள். ஒருநாள் கூடையை டிக்கியில் வைத்துக்கொண்டு மார்க்கெட்டில் இறக்கிவிடச் சொன்னாள்.

"இது பேமிலி வண்டி. மீன் ஏத்த மாட்டேன்" என்றார் மாமா.

"இன்னாய்யா பேசற? மீன் புடிச்சித்தானே வாங்குன?"

"கோயில் கட்டுனதுகூட மீன் புடிச்ச துட்டுதான். அதுக்காக சாமி மடியில கூடைய எறக்குவியா?"

அக்கா தலையில் அடித்துக்கொண்டு நடந்தே போனாள். அந்த வண்டியில் ஒரு நெத்திலிகூட ஏறியதில்லை என்பதற்கு நானே சாட்சி.

இதெல்லாம் அவர்களுடைய ஒரே மகள் நர்மதாவுக்காக என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவள் துணி ஏற்றுமதிக் கம்பெனியில் வேலைக்குப் போன இடத்தில் மாதவரத்துப் பையன் லோகநாதனைப் பிடித்துப்போய்க் கல்யாணம் செய்துகொண்டாள். மாடு வைத்துப் பால் ஊற்றுகிற குடும்பம். பெண்ணைத் தன் வண்டியில்தான் மாதவரத்தில் கொண்டுபோய் விடுவேன் என்று மாமா சொல்லிக்கொண்டிருந்தார். கல்யாணத்தன்று பார்த்து ஹெட் கேஸ்கட் போய், ரேடியேட்டர் கொதித்து, வண்டி மண்டப வாசலிலேயே உட்கார்ந்துவிட்டது. நர்மதா வாடகை வேனில் போனாள். மாமா பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, நீராவிக்கு நடுவில் நின்று கையாட்டினார். அந்த அவமானம் அவருக்குள் முள்ளாக நின்றுவிட்டது.

அதனால், உண்டாகியிருந்த நர்மதாவுக்கு ஒன்பதாம் மாதம் பிறக்கிறது, வளைகாப்பு முடிந்ததும் பிரசவத்துக்கு அழைத்துவரலாம் என்று சேதி வந்ததும், "இந்தத் தபா என் வண்டிதான். எவனாவது வேனு கீனுன்னு பேசுனீங்கோ, நான் மனுசனா இருக்க மாட்டேன்" என்றார்.

அப்போது மீன்பிடித் தடைக்காலம். அரசாங்கம் அதைக் கொண்டுவந்த புதிது. படகுகளையெல்லாம் கரையில் ஏற்றிவிட்டு ஆட்கள் வலை பின்னிக்கொண்டும், படகு மரத்துக்கு எண்ணெய் பூசிக்கொண்டும் இருந்தார்கள். மாமா வண்டியை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்தார். ஹெட்டை இறக்கி வழவழவென்று தேய்த்துப் புது கேஸ்கட் போட்டார். வால்வுகளை உட்கார வைத்தார். இன்ஜின் பூனை மாதிரி ஓடியது.

பிரச்சினை தரையில் இருந்தது. கடற்கரைத் தெருவில் இரும்பு நிலைக்காது. உப்புக் காற்று தகட்டை அரித்து, பின்சீட்டுக்கு முன்னால் கால் வைக்கிற இடத்தில் ரோடு தெரிந்தது. மாமா அந்த இடத்தில் தகடு வெட்டி வெல்டிங் வைத்தார். மறுபடி உப்பு தொடாமல் இருக்க என்ன செய்வது? கடல்காரருக்கு அதற்கு ஒரே பதில்தான் தெரியும். குங்கிலியப் பொடியைச் சுறா எண்ணெயில் போட்டுக் காய்ச்சி, படகு மரத்துக்குப் பூசுவோமே, அதையே காய்ச்சி வண்டியின் அடிப்பாகம் முழுக்கப் பூசினார். கதவுகளின் உள்பக்கம் ஊற்றினார். தரை விரிப்பைத் தூக்கி அதற்கடியிலும் இரண்டு கை பூசினார்.

"இனிமே ஜென்மத்துக்கும் துரு புடிக்காது" என்றார். தெருவே வந்து பார்த்துப் பாராட்டியது. நானும் குனிந்து பார்த்துவிட்டு, பளபளவென்று இருக்கிறது மாமா என்றேன். மூக்கைச் சுளித்தவர் ஒருவர்கூட இல்லை. எங்களுக்கு அது காற்று.

வளைகாப்பு நன்றாகவே நடந்தது. நாங்கள் மூவரும் மாமாவின் வண்டியில் போனோம். மாதவரத்தில் சம்பந்தி வீட்டுச் சந்தில் இறங்கியதும் மாட்டு மூத்திர வாடை குப்பென்று அடித்தது. விருந்துக்கு வந்த இடமாயிற்றே என்று நான் வாயை மூடிக்கொண்டேன். மாமா சந்துப் பிள்ளைகள் சீட்டில் ஏறி விளையாடாமல் இருக்கக் கண்ணாடிகளை இறுக ஏற்றிவிட்டு, வண்டியை வெயிலில் பூட்டி நிறுத்தினார். பானெட்டில் மாலை கட்டியிருந்தார்.

சாப்பாடு முடிந்து, நல்ல நேரம் பார்த்து நர்மதாவை வெளியே அழைத்துவந்தார்கள். முழங்கை வரைக்கும் வளையல். முகத்தில் சந்தனம். மாமா புது வேட்டியில் முன்னால் ஓடிப்போய், ஒரு பெரிய மனிதருக்குத் திறப்பதுபோல் பின்கதவைத் திறந்து பிடித்தார்.

உள்ளே அடைந்திருந்த சூடு அவள் முகத்தில் அடித்தது. நர்மதா முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். ஒரு அடி பின்னால் போனாள். அப்புறம் வாசல் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, போட்டிருந்த கோலத்தின் மேலேயே வாந்தி எடுத்தாள்.

சம்பந்தியம்மா ஓடிவந்து அவள் தலையைப் பிடித்தாள். பிடித்தவள் தானும் மூக்கைப் பொத்தினாள்.

"இன்னா சம்பந்தி இது? மீன் லோடு அடிக்கிற வண்டியிலயா புள்ளத்தாச்சிய ஏத்துவீங்கோ?"

"ஐயோ, இல்ல சம்பந்தி" என்றார் மாமா. "இதுல மீனே ஏத்துனதில்ல. இது பேமிலி வண்டி. தகடு துரு புடிக்காம இருக்க சுறா எண்ணெ பூசிருக்கேன். மரத்துக்குப் பூசறதுதான். ரொம்ப நல்ல எண்ணெ."

வந்திருந்தவர்களில் யாரோ சிரித்தார்கள். அது ஒட்டிக்கொண்டு நாலைந்து பேர் சிரித்தார்கள். மாமாவும் சேர்ந்து சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. எனக்கு வாயில் வந்த வார்த்தையை இங்கே எழுத முடியாது. சாணிக்கு நடுவில் சாப்பிட்டு எழுந்த எங்களுக்கு மூக்கில்லை என்றா நினைத்தார்கள்? நான் ஆரம்பிப்பதற்குள் மாமா என் கையைப் பிடித்து அழுத்தினார்.

லோகநாதன் யார் முகத்தையும் பார்க்காமல் போய், தெருமுனையில் இருந்து ஒரு டாக்ஸி கொண்டுவந்தான். நர்மதா தலையைக் குனிந்துகொண்டு அதில் ஏறினாள். அக்காவும் கூட ஏறினாள். மாலை கட்டிய அம்பாசிடரில் புளிசாதப் பாத்திரங்களோடு நானும் மாமாவும் பின்னால் போனோம்.

மூலக்கடை தாண்டி ஓரமாக வண்டியை நிறுத்தினார். பின்சீட்டில் தலையைக் கவிழ்த்து முகர்ந்து பார்த்தார். அப்புறம் தன் உள்ளங்கையை முகர்ந்தார், சட்டைக் காலரை இழுத்து முகர்ந்தார்.

"மச்சான், எனக்கு ஒண்ணுமே தெரியல. உனக்குத் தெரிதா?"

"தெரியல மாமா." அது பொய்யில்லை.

ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அப்போ நம்ம மேல எப்பவும் கீது. நமக்குத்தான் தெரியல. பஸ்ல பக்கத்துல குந்துனவன் எழுந்து போவான் பாரு, அடுத்த ஸ்டாப்ல எறங்குவான்னு நெனச்சிகினு இருந்தேன். நர்மதா படிச்ச இஸ்கோலுக்கு நான் போனா, வாசல்லயே நில்லு நைனான்னு சொல்லுவா. ஒரு தபா உள்ள போயி நின்னேன் மச்சான். டீச்சரு ஜன்னல தொறந்துச்சு."

கடலில் பிறந்து, கடலில் உழைத்துச் சாப்பிடுகிறவனைத் தன்னையே முகர்ந்து பார்க்க வைத்துவிட்டார்களே என்று எனக்கு வயிறு எரிந்தது. ஆனால் அவருக்குக் கோபம் வரவேயில்லை. வெட்கம்தான் வந்தது. கோபம் வந்திருந்தால் இரண்டு நாளில் போயிருக்கும்.

மறுநாளிலிருந்து வண்டியைச் சுரண்ட ஆரம்பித்தார். மண்ணெண்ணெய், சோப்புத் தூள், சோடா உப்பு, எலுமிச்சம்பழத் தோல் என்று எல்லாவற்றையும் போட்டுத் தேய்த்தார். பூசிய எண்ணெயோடு பெயிண்டும் உரிந்து வந்தது. கதவுக்குள் ஊற்றியது மட்டும் வரவேயில்லை. வண்டி போதாதென்று தன்னையும் தேய்த்தார். குழாயடியில் செங்கல் துண்டால் கை தேய்த்துக்கொண்டிருந்தவரைப் பார்த்து அக்கா கத்தினாள்.

"தோல உரிச்சிக்கப் போறியா? நானுந்தான் இத்தினி வருசமா மீன் அரியறேன். எனக்கின்னா இப்போ?"

வீட்டுக்குள் நர்மதா படுத்திருந்த அறைப் பக்கம் அவர் போகவே இல்லை. சோற்றுத் தட்டை வாங்கிக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவார். ஏதாவது கேட்க வேண்டுமென்றால் கதவுக்கு வெளியே நின்று, வாயைத் துண்டால் மூடிக்கொண்டு கேட்பார். தன்மேல் கோபம் என்றுதான் நர்மதா நினைத்தாள். என்னிடம் சொல்லி அழுதாள்.

"கோவமெல்லாம் இல்லடி. உனக்குக் கொமட்டும்னு பயப்படறாரு" என்றேன். அவள் அப்படியே சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

தடைக்காலம் முடிகிற வாரம், படகுகளில் ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். உச்சிவெயிலில் நர்மதாவுக்கு வலி எடுத்தது. அக்கா கத்திய சத்தத்தில் மாமா எழுந்து ஓடினார். வாசலில் வண்டி நிற்கிறது. காலையில்தான் ஸ்டார்ட் செய்து பார்த்து, டீசல் ஊற்றி, டயரில் காற்றுப் பார்த்து வைத்திருந்தார். அதைத் தாண்டிக்கொண்டு, செருப்புகூடப் போடாமல், மெயின் ரோட்டைப் பார்த்து ஓடினார். போன வேகத்தில் ஒரு ஆட்டோவின் பின்னால் தொங்கிக்கொண்டு திரும்பி வந்தார்.

நர்மதா அக்காவின் தோளைப் பிடித்தபடி வாசலுக்கு வந்துவிட்டிருந்தாள். ஆட்டோவைப் பார்த்தாள்.

"இது வோணாம். வண்டிய எடு நைனா."

மாமா தள்ளியே நின்றார். "வாணாம்மா. இன்னும் வாடை போகல. நீ ஆட்டோல போ. நான் பின்னால வந்துகினே இருப்பேன்."

"அன்னிக்கும் பின்னாலதானே வந்த." வலியில் அவளுக்கு மூச்சு வாங்கியது. "டாக்ஸி கண்ணாடில உன் வண்டி தெரிஞ்சிகினே வந்துச்சு. வண்டில மால ஆடுது, பின்சீட்டுல ஆளு இல்ல. வெக்கம் புடுங்கித் துன்னுச்சு நைனா. உன்னால இல்ல. கொமட்டுனா கொமட்டுது, தொடச்சிகினு உன் வண்டில ஏறிக் குந்தாம, அவங்கோ கூப்ட்டதும் டாக்ஸில போய்க் குந்துனேன் பாரு."

சொல்லிவிட்டு அவளே பின்கதவைத் திறந்து உள்ளே நகர்ந்து உட்கார்ந்தாள். அக்கா அந்தப் பக்கமாக ஏறினாள். ஆட்டோக்காரர் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். நான் போகச் சொல்லிக் கையாட்டிவிட்டு முன்சீட்டில் ஏறினேன்.

மாமா தோளில் கிடந்த துவைத்த துண்டை எடுத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு பின்னால் நீட்டினார். "மூக்கப் பொத்திக்கம்மா." நர்மதா வாங்கிக்கொண்டாள். அடுத்த வலி வந்தபோது அதைப் பல்லில் வைத்துக் கடித்தாள்.

இன்ஜின் ஒரே தட்டில் பிடித்துக்கொண்டது. மாமா கியரில் கை வைத்தார், ஆனால் போடவில்லை. கண்ணாடியில் மகளைப் பார்ப்பதற்குக்கூட அவருக்குத் துணிச்சல் இல்லை.

"வாடை வருதாம்மா?"

நர்மதா துண்டை வாயிலிருந்து எடுத்தாள்.

"வருது நைனா. நீ ஓட்டு."

மாமா கியரைப் போட்டு ராயபுரம் ஆஸ்பத்திரியைப் பார்த்து வண்டியைத் திருப்பினார்.