வாட்ச்சைக் கழற்றிய ஆள்

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். சுரங்கத்தில் கான்ட்ராக்ட் கூலியாக மண் வாரினேன். பிறகு சொந்தமாகக் கிரேன் வாங்கினேன், சுரங்கத்துக்குப் பக்கத்து ஊரான வடக்குத்தில் மாடி வீடு கட்டினேன். யாரும் தூக்கிவிடவில்லை. அந்த மாடியைத்தான் கல்லூரிப் பிள்ளைகள் நடத்தும் ஒரு போன் லைனுக்கு வாடகை இல்லாமல் விட்டேன். மனசு உடைந்து போன மாணவர்கள் கூப்பிட்டால், அவர்கள் வயதுப் பிள்ளைகளே எடுத்துப் பேசுகிற போன் லைன் அது. இடம் கொடுத்த என்னை விட்டுவிட முடியுமா? நானும் சேர்ந்துகொண்டேன்.

பயிற்சி கொடுத்த பெண் சொன்னாள்: "தாத்தா, ரெண்டே ரூல். புத்தி சொல்லக் கூடாது. எழுந்து அவங்க வீட்டுக்குப் போகக் கூடாது."

"அப்புறம் நான் எதுக்கும்மா? ஒக்காந்துகினு உம் கொட்டவா?"

"ஆமா. அதுதான் வேலை."

சைட்டில் நான் இருமினாலே பத்து பேர் ஓடி வருவார்கள். என்னை உம் கொட்டச் சொன்னாள்.

அன்று மத்தியானம் நானும் அவளும் மட்டும் இருந்தோம். போன் வந்தது. அவள் எடுத்து, எனக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டாள். சுரங்கத் தொழிலாளிகளின் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸிலிருந்து ஒரு காலேஜ் பையன். காலையில் ஷிப்டுக்குக் கிளம்பும் முன் அப்பா அம்மாவின் கையை உடைத்துவிட்டாராம். அம்மா ஆஸ்பத்திரியில். இவன் இரும்புக் கம்பியோடு கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறான்.

"ஷிப்ட் பஸ் வர்ற நேரம்க்கா. உள்ள கால் வச்சாருன்னா மண்டையப் பொளந்துடுவேன்."

"கேட்டுக்கிட்டிருக்கேன். காலைல என்ன ஆச்சு, சொல்லு."

"வாட்ச்சக் கழட்டி சட்டை பாக்கெட்டுல போட்டாரு. எப்பவும் அப்படித்தான். அடிக்கிறப்ப கண்ணாடி ஒடஞ்சிடக் கூடாதாம். வாட்ச் உள்ள போச்சுன்னாலே அம்மா என்னைப் பின்பக்கம் தள்ளி விட்டுடும்."

அவள் மெதுவாகக் கேட்கக் கேட்க, எந்த ப்ளாக், எந்த பால் பூத் ஸ்டாப் என்பதையும் சொன்னான். யாராவது தடுக்க வேண்டும் என்று அவனுக்குள்ளேயே ஒரு பாதி கெஞ்சிக்கொண்டிருந்தது. போலீசைக் கூப்பிடும்படி எனக்குச் சைகை காட்டினாள். கூப்பிட்டேன். ஆனால் ஜீப்புக்கு முன்னால் பஸ் வந்துவிடும். பைக் சாவியை எடுத்தேன்.

போனைப் பொத்திக்கொண்டு அவள் சீறினாள். "தாத்தா, ரூல்!"

"ரூல நீ பாரு. பஸ்ஸ நான் பாத்துக்கறேன்."

நான் பால் பூத் ஸ்டாப்புக்குப் போய்ச் சேரவும் பஸ் வந்து நின்றது. இறங்கியவர்கள் எல்லோருக்கும் ஒரே யூனிபார்ம், ஒரே பூட்ஸ், ஒரே மாதிரிப் பை. அப்பன் முகம் எனக்குத் தெரியாது. கேட்டுக்கொண்டு நிற்கிற ஆளும் நான் இல்லை. தடித்த மீசைக்காரன் ஒருவன் பையன் சொன்ன ப்ளாக் பக்கம் திரும்பினான். சட்டையைப் பிடித்து இழுத்து ஓங்கி அறைந்தேன்.

"பொண்டாட்டி கைய ஒடப்பியாடா?"

"யோவ், எனக்குக் கல்யாணமே ஆவலய்யா!"

கூட்டம் சூழ்ந்தது. "யார்றா இந்தப் பெருசு? கான்ட்ராக்ட் ஆளு பெர்மனென்ட் தொழிலாளி மேலயே கை வைக்கிறானா?" உதை விழுந்தது. உதடு கிழிந்து வாயெல்லாம் ரத்தம். தரையில் கிடந்தபடி பார்த்தேன். ஓரத்தில் ஒல்லியான ஒருவர், நெற்றியில் திருநீறு. நிதானமாக வாட்ச்சைக் கழற்றினார். சட்டைப் பைக்குள் போட்டுப் பொத்தானையும் மாட்டினார். பிறகு என்னை மிதிக்கக் காலைத் தூக்கினார்.

அந்தக் காலைப் பிடித்து ஒரே இழுப்பு. விழுந்தவர் மேல் ஏறி முழங்கையால் தாடையில் இடித்தேன். பல் தெறித்தது. நாலு பேர் இழுத்தும் என் பிடியைத் தளர்த்த முடியவில்லை.

சத்தம் கேட்டுப் பையன் ஓடி வந்தான். ஒரு கையில் போன், ஒரு கையில் கம்பி. கூட்டம் விலகிக்கொண்டது.

"நகரு பெருசு."

போனுக்குள்ளிருந்து அந்தப் பெண்ணின் குரல் சன்னமாக வந்தது. "நான் இங்கதான் இருக்கேன். என்கிட்ட பேசு."

எனக்குக் கீழே அவர் அழுதார். "டேய், அப்பாடா..."

அந்த மண்டையைக் காப்பாற்ற எனக்கு ஆசையே இல்லை. ஆனாலும் என் தோளால் மூடினேன். கம்பி இறங்கியது. எலும்பு உடைந்த சத்தம் எனக்கே கேட்டது. மறுபடியும் ஓங்கினான்.

"நகருய்யா! எங்கம்மாவ அவரு என்ன பாடு படுத்துனாருன்னு தெரியுமா?"

எத்தனையோ ஆபீசர்களை வாயாலேயே மடக்கியவன் நான்.

"உம்," என்றேன்.

அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு, "உம்," என்றேன் மறுபடியும்.

கம்பி அவன் கையிலிருந்து நழுவி உருண்டது. தார் ரோட்டிலேயே உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதான்.

வந்த போலீசிடம் பஸ் படியிலிருந்து விழுந்தேன் என்று சொன்னேன். அவர்கள் நம்பவில்லை. நானும் மாற்றிச் சொல்லவில்லை. தாயும் மகனும் இப்போது நெல்லிக்குப்பத்தில் மாமா வீட்டில் இருக்கிறார்கள். அங்கிருந்து பஸ் ஏறி அவன் காலேஜுக்கு வருகிறான்.

என்னைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வந்த போன் லைன் பெண் ஆரஞ்சைக் கட்டிலில் வைத்துவிட்டுச் சொன்னாள்: "இனிமே உங்களுக்குப் போன் கிடையாது தாத்தா. சம்பந்தமே இல்லாத ஒருத்தர வேற அறைஞ்சிருக்கீங்க."

மாடி என்னுடையது, போன் அவர்களுடையது. சரி என்றேன்.

இடது கை தோளுக்கு மேல் தூக்க வராது. அந்த அடி அப்பன் மண்டையில் விழுந்திருந்தால் பையன் இன்று ஜெயிலில் இருப்பான். விழுந்தது என் எலும்பில். அதனால் பரீட்சை எழுதிக்கொண்டிருக்கிறான். எப்பேர்ப்பட்ட எலும்பு என்று வடக்குத்தில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.