ஏலக்காரரின் மாத்திரை

அன்னூர் வாழைத்தார் மண்டியில் திருமலைசாமி அண்ணன் தொண்டையைத் திறந்தால், எதிரில் என் டீக்கடையில் இருப்பவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். மைக் எல்லாம் அவருக்கு எதற்கு? "ஒரு தரம்… ரெண்டு தரம்…" என்று இழுத்து நிறுத்தி, "மூணு தரம்!" என்று போட்டு உடைப்பார். அந்தக் குரல்தான் அவருக்குச் சோறு போட்டது. இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்ததும் அதுதான்.

அப்படிக் கத்துகிற மனிதர் வெளியே வந்தால் வாயில்லாப்பூச்சி. என் கடை டீயில் சர்க்கரை போட மறந்தாலும், "பரவாலீங்க" என்று குடித்துவிட்டுப் போவார்.

போன ஆடியில் ஏலத்துக்கு நடுவே அவர் வாய் ஒரு பக்கம் கோணி, கொஞ்ச நேரத்தில் தானாகச் சரியானது. கோயம்புத்தூர் டாக்டர், ரத்தம் கட்டிப்போய் மூளைக்குப் போகும் குழாயை அடைக்காமல் இருக்க ஒரு கேப்சூல் எழுதிக்கொடுத்தார். ஒரு நாளும் நிறுத்தக் கூடாது என்றார். அண்ணனின் சம்சாரம் மயிலாத்தாள் அக்கா காலையில் அதைக் கையில் கொடுத்து, தண்ணீரும் கொடுப்பார்.

மார்கழியில் அண்ணன் பழனிக்கு மாலை போட்டார். கவிச்சி வாடையே ஆகாது. மண்டி வியாபாரி பாலகோபால், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தானா? "ஏனுங்க, அந்தக் கேப்சூல் கூடு மாட்டெலும்புல செய்யறதுங்களாமா. மாலையோட முழுங்கறீங்களா?" என்று கொளுத்திப்போட்டான்.

அண்ணன் முகம் செத்துப்போயிற்று.

"டாக்டருக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்கண்ணா" என்றேன்.

"கேக்கறேன் கண்ணு" என்றார். கேட்டிருப்பார் என்றுதான் நினைத்தேன்.

தைப்பூசத்துக்கு அக்காவோடு நடந்து போகையில், தாராபுரம் தாண்டி அண்ணனுக்கு வலது கால் இழுத்துக்கொண்டது. சாலையோரம் அப்படியே சாய்ந்துவிட்டார். சேதி கேட்டு நானும் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். மருந்து எழுதிக்கொடுத்த அதே டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "மாத்திரையை விடாம எடுத்தாரா?"

"ஒரு நா உடாம நானே குடுத்தனுங்க" என்று அடித்துச் சொன்னார் அக்கா. அண்ணனுடைய மஞ்சப்பையைத் துழாவியபோது கேப்சூல்கள் ஒரு துணி முடிச்சில் ஒட்டிப்போய்க் கிடந்தன. மருந்தை வீசியெறியவும் அவருக்கு மனசு வரவில்லை. அக்கா வராந்தாவிலேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார்.

"எடுத்திருந்தா வந்தே இருக்காதுன்னு சொல்ல முடியாதும்மா. வந்தாலும் இவ்வளவு கடுமையா இல்லாம இருந்திருக்கலாம்" என்றார் டாக்டர். பாலகோபால் சொன்ன மாட்டெலும்புக் கதையை நான் சொன்னதும், "கூடு வேண்டாம்னா எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே. இதே மருந்து சாதா மாத்திரையாவே இருக்கு."

எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. பாலகோபால் மேல் பாதி, அண்ணன் மேல் மீதி. ஊருக்கே கேட்கிற தொண்டையை வைத்துக்கொண்டு, டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்கக் கூச்சப்பட்டிருக்கிறாரே பாவி மனுசன்! பெரிய மனிதரைத் தொந்தரவு செய்யக் கூடாதாம். நல்ல மரியாதை.

இப்போது வலது கை தொங்கிவிட்டது. பேச்சு போய்விட்டது. தண்ணீர் வேண்டுமென்றாலும் சொல்லத் தெரியாது. ஆனால் பழகிய ஏலம் மட்டும் சில நேரம் தானாக வருகிறது.

நேற்றுக் காலை நான் போனபோது அக்கா சாதா மாத்திரையை நீட்டி, "இதுல கூடு இல்லீங்க, பயப்படாம முழுங்குங்க" என்றார். அண்ணன் கண்ணில் நீர் கோத்தது.

"ஒரு தரம்" என்றார். "ரெண்டு தரம்…"

அக்கா தண்ணீர் டம்ளரோடு காத்துக்கொண்டு நின்றார். அண்ணன் வாய் திறந்தபடியே இருந்தது.