கத்தி கொடுக்கக் கூடாத மாணவர்

என் வீட்டுக்காரர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் முதல் வருடம் படித்துக்கொண்டிருந்தபோதுதான் அவருக்கு மனநோய் வந்தது. தூக்கம் போனது. சுவர் பேசுகிறது என்றார். காரணமில்லாமல் சிரித்தார். கொழும்புப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் எட்டு மாதம் வைத்திருந்து, மாத்திரையோடு திருப்பி அனுப்பினார்கள். பொகவந்தலாவைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், ஒரு வருடம் ஓடியது. அவர் தேறிவிட்டார். லயம்தான் தேறவில்லை.

ஆளாளுக்கு அவரிடம் செவிடனிடம் பேசுவதுபோலக் கத்தினார்கள். பக்கத்துக் காம்பராவில், சுவருக்கு அந்தப்புறம் குடியிருந்த அக்கா நாள் தவறாமல் எலுமிச்சம்பழத்தோடு வந்து நிற்பாள்.

"தலையில தேச்சுவிடு தங்கச்சி, தெளிஞ்சிரும்."

"அவரு தெளிஞ்சு எத்தன மாசமாச்சு! ஊறுகா போடணும்னா குடுத்துட்டுப் போங்க" என்றேன். பத்து நாள் அவள் என்னோடு பேசவில்லை. எனக்கும் நிம்மதியாக இருந்தது.

அப்போதுதான் கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது. திங்கட்கிழமை மருத்துவச் சான்றிதழோடு நேரில் வர வேண்டும். வராவிட்டால் இடம் வேறொருவருக்குப் போய்விடும். பயிற்சி இல்லாத வாத்தியார், அதிலும் அந்த ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தவர். இந்த இடத்தை விட்டால் அவரை எந்தப் பள்ளிக்கூடத்திலும் வாசற்படி ஏறவிட மாட்டார்கள். அது அவருக்கும் தெரியும். பழைய பாடக் கொப்பிகளைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

தோட்டத்து மருந்துக்கார ஐயாவிடம் போனோம். தங்கமான மனிதர். ஆனால் அத்தனை வருடமாக அவர் எழுதியது ஒரே சீட்டு: நோயாளி வேலைக்குத் திரும்பலாம் என்று தோட்டத்தை நடத்தும் துரைக்கு எழுதும் சீட்டு. "கவலைய விடு புள்ள, பிரமாதமா எழுதிட்டேன்" என்று உறையை ஒட்டிக் கையில் கொடுத்தார். பிரித்துப் பார்க்க எங்களுக்குத் துணிச்சல் இல்லை.

திங்கட்கிழமை குழந்தையை அந்த எலுமிச்சம்பழ அக்காவிடமே விட்டுவிட்டு, பஸ்ஸும் ரயிலும் பிடித்துப் போய்ச் சேர்ந்தோம். கல்லூரி அதிபர் யாழ்ப்பாணத்துக்காரர். மேசைமேல் கிடந்த சின்னக் கத்தியால் உறையைக் கிழித்து வாசித்தார். அவருடைய முகம் மாறிவிட்டது.

"இலேசான வேலை செய்யலாம், கொழுந்து எடுக்கலாம் எண்டு கிடக்கு. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டக் கத்தி மட்டும் குடுக்கக் கூடாதாம்." சொல்லிக்கொண்டே அந்தச் சின்னக் கத்தியை மெதுவாக மேசை லாச்சிக்குள் தள்ளி மூடினார்.

எனக்கு எங்கிருந்துதான் ஆத்திரம் வந்ததோ!

"ஐயா, அவரு எல்லாத்துக்கும் இதையேதாங்க எழுதுவாரு! புள்ள பெத்துட்டு வேலைக்குப் போன எனக்கும் இதே சீட்டுதான். நான் யாரக் குத்திட்டேன்? இப்ப வேணும்னா அந்த மருந்துக்கார ஐயாவக் குத்தலாம் போல இருக்கு!"

அப்போது ஒரு சிரிப்பு கேட்டது. என் வீட்டுக்காரர்! அடப்பாவி மனுசா, இங்கேயா? திரும்பிப் பார்த்தேன். பழைய சிரிப்பு இல்லை. இதற்குக் காரணம் இருந்தது, காரணம் நான்தான். அதிபரும் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்.

பிறகு மெதுவாகக் கேட்டார்: "பழைய நோய் வருத்தம் திரும்பி வந்தால் என்ன செய்வீர்?"

"வந்தா உங்ககிட்ட வந்து சொல்லிருவேன் சார். போன தடவ வெக்கப்பட்டு மறைச்சேன். அதுலதான் முத்திப்போச்சு."

அதிபர் பதிவேட்டை இழுத்து அவர் பெயரை எழுதினார். "வகுப்புத் தொடங்கியாச்சு. ஓடும்."

அவர் ஓடினார். என்னிடம் போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. நான் ஜன்னலுக்கு வெளியே நின்றேன். உள்ளே அத்தனை தலைகளும் அவர் பக்கம் திரும்பின. ஆசிரியர் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டுக் கடைசியாக அவர் பெயரைக் கூப்பிட்டார். பதில் இல்லை. சொல்லுங்களேன், சொல்லித் தொலையுங்களேன் என்று என் நெஞ்சு அடித்துக்கொண்டது.

"வந்திருக்கேன் சார்!"

தாழ்வாரம் முழுக்கக் கேட்டது. இரண்டு வருடமாக அவர் அவ்வளவு சத்தமாக ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன்.